சிஏ-125: அம்மாவுக்குத் தேவை, மகளுக்கு வேண்டாம்

கேள்வி: அம்மாவுக்கு வயது 54, மாதவிடாய் நின்று நான்கு வருடம் ஆகிறது. இரண்டு மாதமாக வயிறு உப்புசம், நாலு வாய் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது. கேஸ் மாத்திரைக்கு அடங்கவில்லை. சிஏ-125 80 இருக்கிறது. ஸ்கேனில் சினைப்பைக் கட்டி, வயிற்றில் நீர். உடனே ஆபரேஷன் செய்யலாமா? 30 வயதான நானும் இந்த டெஸ்ட் எடுக்கட்டுமா?
- வாசகி, பாலக்கோடு

பதில்: சிஏ-125 என்பது ரத்தத்தில் பார்க்கும் ஒரு புரதத்தின் அளவு. அது 35-க்கு மேல் போனாலே சினைப்பைப் புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். மாதவிடாய் நாட்களிலும், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு வெளியே வளர்வது), ஃபைப்ராய்டு (கருப்பைத் தசைக்கட்டி) இருந்தாலும் சிஏ-125 ஏறும். வயிற்றுக் காசநோயிலும் நீர் கோத்து, இந்த அளவு நூற்றுக்கணக்கில் போகும். நம் ஊரில் இதை மறக்கவே கூடாது. ஆரம்ப நிலைப் புற்றுநோயிலோ ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது நார்மலாகவே இருக்கும்.

அதனால்தான் கட்டி புற்றுநோயாக இருக்கும் அபாயத்தை மதிப்பிட ஆர்.எம்.ஐ என்ற கணக்கைப் போடுகிறார்கள். ஸ்கேனில் ஐந்து விஷயங்கள் பார்க்கப்படும்: கட்டிக்குள் பல அறைகள், திடமான பகுதி, இரு பக்கமும் கட்டி, வயிற்றில் நீர், வேறிடத்தில் பரவல். எதுவும் இல்லையென்றால் 0, ஒன்று இருந்தால் 1, இரண்டும் அதற்கு மேலும் என்றால் 3. மாதவிடாய் நின்றவர்களுக்கு 3, மற்றவர்களுக்கு 1. இரண்டையும் சிஏ-125 அளவோடு பெருக்க வேண்டும். அம்மாவுக்கு நீர் மட்டும் என்றால் 80×3×1=240. கட்டிக்குள் அறைகளும் இருந்தால் 720. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2011-இல் தந்த வழிகாட்டுதலில், 250-ஐத் தொட்டாலே புற்றுநோய் சிறப்புக் குழுவிடம் அனுப்பச் சொல்கிறது. 240 வந்தாலும், இந்தத் தொந்தரவுகளோடு காத்திருக்க நான் சொல்லமாட்டேன்.

அவசரப்பட்டு உள்ளூரில் கட்டியை மட்டும் எடுக்காதீர்கள், ஊசி குத்தியும் பார்க்க வேண்டாம். சினைப்பைக்குள் அடங்கியிருக்கும் புற்றுநோய்க் கட்டி உடைந்தால் 1ஏ என்ற ஆரம்ப நிலை அதைவிடக் கடுமையான 1சி ஆகிவிடும், கீமோ தேவைப்படலாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகளிர் நோய்ப் பிரிவில் காட்டி, புற்றுநோய் அறுவை நிபுணருக்கு ரெஃபரல் கேளுங்கள். ரிப்போர்ட்டோடு ஸ்கேன் படங்களையும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துப் போங்கள். பெங்களூருதான் பக்கம் என்று கிளம்பினால், அந்த அட்டை அங்கே செல்லுமா என்று முதலில் விசாரித்துவிடுங்கள்.

உங்களுக்குத் தொந்தரவு ஏதும் இல்லையென்றால் இந்த டெஸ்ட் வேண்டாம். பிரிட்டனில் 2 லட்சம் பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது. ஆண்டுதோறும் சிஏ-125 பார்த்தும் இந்த நோயால் வரும் இறப்பு குறையவில்லை. அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வில், புற்றுநோயே இல்லாத ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் தவறான ரிசல்ட்டால் ஆபரேஷன் வரை போனார்கள். அம்மாவின் பயாப்ஸியில் புற்றுநோய் உறுதியானால், முதலில் அவருக்கே பிஆர்சிஏ (பரம்பரையாக மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் மரபணு மாற்றம்) பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அதில் மாற்றம் தெரிந்தால், அதே மாற்றம் உங்களுக்கும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.