கீறல் இல்லாத பழைய வண்டியை நம்பாதீர்கள்

(வாசகர்களின் பைக் கேள்விகளுக்கு, சேலம் அஸ்தம்பட்டியில் 29 வருடமாகப் பட்டறை நடத்தும் மெக்கானிக் பதில் சொல்கிறார். இந்த இதழில்: மண் ரோடு, மலை ரோடு, நீண்ட பயணம் எல்லாவற்றுக்குமான அட்வென்ச்சர் பைக்கைப் பழசாக வாங்குவது.)

கேள்வி: வயது 26. ஐந்து வருடமாக ஸ்கூட்டர்தான் ஓட்டுகிறேன். கியர் வண்டி லைசென்ஸ் எடுத்து நான்கு மாதம் ஆகிறது. பெங்களூருவில் ஒருவர் 2019 மாடல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வைத்திருக்கிறார். 38,000 கிலோமீட்டர், கர்நாடகப் பதிவு, 1,20,000 ரூபாய். கிராஷ் கார்டிலும் ஹேண்டில் முனையிலும் கீறல்கள். இன்னொருவரிடம் தமிழ்நாட்டுப் பதிவில் 2017 ஹிமாலயன் இருக்கிறது. 14,000 கிலோமீட்டர்தான், ஒரு கீறல்கூட இல்லை, பளபளவென்று இருக்கிறது. விலை அதேதான். எதை வாங்கலாம்?
– கே.எம்., ஓசூர்

பதில்: தம்பி, கேள்வியை எழுதும்போதே பளபள வண்டியை மனதில் முடிவு செய்துவிட்டீர்கள் என்று தெரிகிறது. 1994-ல் நானும் அப்படித்தான் முடிவு செய்தேன். புது பெயின்ட், புது சீட் கவர், டேங்கில் முகம் பார்த்துத் தலை சீவலாம். மூன்றாவது மாதம் டேங்கைக் கழற்றினால், அடியில் சேஸிஸில் வெல்டு வைத்த தழும்பு. கீறலை மறைக்கத்தான் அந்த பெயின்ட் என்று அப்போதுதான் புரிந்தது. விற்றவரைப் பற்றி இப்போது பேசி என்ன ஆகப்போகிறது.

இந்த மாதிரி வண்டி நின்ற இடத்திலேயே சாயும். சாய்ந்தால் கிராஷ் கார்டு, ஹேண்டில் முனை, கிளட்ச் லிவர் நுனி, இந்த மூன்றிலும் கீறல் விழும். அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. அந்தக் கீறல்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பயப்பட வேண்டிய இடம் வேறு. ஹேண்டிலை இடது பக்கமும் வலது பக்கமும் முழுக்கத் திருப்பி, அது எங்கே முட்டி நிற்கிறது என்று பாருங்கள். சேஸிஸில் ஒரு சின்ன ஸ்டாப்பர் இருக்கும். அது நசுங்கியிருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகத் திரும்பினாலோ, வண்டி எங்கேயோ பலமாக மோதியிருக்கிறது. விலையைப் பாதியாகக் குறைத்தாலும் வேண்டாம்.

2017 வண்டியில் வேறு விஷயமும் இருக்கிறது. ஹிமாலயன் 2016-ல் வந்தபோது கார்புரேட்டர். 2017 ஏப்ரலில் பி.எஸ். 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி கட்டாயமான பிறகு, அந்த வருடக் கடைசிவாக்கில்தான் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. பிரேக்கை இறுக்கினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் வந்தது 2018-ல். ஆக, 2017 வண்டியில் ஏபிஎஸ் கிடையாது. ஸ்கூட்டரிலிருந்து வருபவர் மழை ரோட்டில் பதறிப்போய் முன் பிரேக்கை இறுக்குவார், எல்லாரும் செய்வதுதான். அந்த ஒரு நொடிக்காகவே சொல்கிறேன், உங்களுக்கு ஏபிஎஸ் உள்ள வண்டிதான் சரி. 2020-ல் வந்த பி.எஸ். 6 வண்டியில் பின் ஏபிஎஸ்ஸை அணைக்க ஒரு சுவிட்ச் இருக்கும். மண் ரோட்டுக்கு அது வசதி, ஆனால் முதல் வருடம் அதைத் தொட வேண்டாம்.

14,000 கிலோமீட்டர் கணக்கையும் அப்படியே நம்பாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்த டயர். 14,000 கிலோமீட்டரே ஓடிய 2017 வண்டியில் 2023-ல் செய்த டயர் இருந்தால், “ஏன் மாற்றினீர்கள்?” என்று கேளுங்கள். பழசாகிவிட்டது என்று மாற்றியிருக்கலாம், நியாயம்தான். ஆனால் ஃபுட்ரெஸ்ட் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, பிரேக் டிஸ்க் ஓரத்தில் விரல் நகம் தட்டுகிற அளவுக்கு விளிம்பு எழுந்திருந்தால், அந்த மீட்டர் பொய் சொல்கிறது.

சரி, பெங்களூரு வண்டியைப் பார்க்கப் போகிறீர்கள். காலையில் போங்கள். போனதும் இன்ஜின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், “நாளைக்கு வருகிறேன், ஸ்டார்ட் பண்ணாமல் வையுங்கள்” என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். வீண் அலைச்சல்தான், ஆனால் குளிர்ந்த இன்ஜின் மறைக்காது. சத்தம், புகை, ஐட்லிங் எல்லாம் முதல் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்து சென்டர் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். நீங்கள் சொல்லும் இரண்டுமே 411 சி.சி. இன்ஜின் உள்ள பழைய ஹிமாலயன், அந்த 411-ல் அது கம்பெனியே கொடுத்தது. ஒருவரைப் பின்னால் அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு, ஹேண்டிலை ஒரே விரலால் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் வரும்போது பள்ளத்தில் இறங்குவது போல ‘டக்’கென்று உட்கார்ந்தால் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங், போய்விட்டது. இந்த வண்டியில் நான் அடிக்கடி மாற்றுவது இதைத்தான். பெரிய செலவில்லை, பேரத்துக்கு உதவும். அப்படியே சக்கரத்தைச் சுற்றி, ரிம் ஓரத்தில் ஒரு பேனாவைக் கிட்டே பிடியுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம் வளைந்திருக்கிறது. ஸ்போக்குகளை ஸ்பேனரால் தட்டினால் ஒரே மாதிரி ‘டிங்’ என்று கேட்க வேண்டும். ‘டொக்’ என்றால் அது தளர்ந்திருக்கிறது.

செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் (பல் சக்கரம்) பின்பக்கம் பிடித்து இழுங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் செயினையும் ஸ்ப்ராக்கெட்டையும் செட்டாக மாற்ற வேண்டும். முன் ஃபோர்க் பைப்பில் எண்ணெய் வளையம் இருந்தால் சீல் போயிருக்கிறது. செல்போன் டார்ச்சை அடித்து அடிவயிற்றைப் பாருங்கள். தகட்டில் கல் பட்ட அடி இருப்பது சகஜம், அதற்கு மேலே எண்ணெய்க் கசிவு இருக்கக் கூடாது. கடைசியாக சீட்டைக் கழற்றுங்கள். எக்ஸ்ட்ரா லைட் மாட்டுவதற்காக ஒயரை வெட்டி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால், நடுராத்திரி மழையில் உங்களை நிறுத்தப்போவது அதுதான்.

இனி பேப்பர். வண்டியை விட இதுதான் தலைவலி. பெங்களூரு வண்டியை ஓசூரில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் போகிறீர்கள். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் இருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கு அவர், தன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28-ல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கித் தர வேண்டும். நீங்கள் இங்கே வரி கட்டி, புது நம்பர் வாங்க வேண்டும். உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30. லோன் போட்டு வாங்கிய வண்டி என்றால், வங்கி கையெழுத்துடன் படிவம் 35. அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டு அபராதம் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஆர்.சி.யுடன் நீங்களே ஒப்பிடுங்கள், புரோக்கர் வாசித்துக் காட்டுவதைக் கேட்டுவிட்டு வராதீர்கள். என்.ஓ.சி. கைக்கு வரும்வரை டோக்கன் அட்வான்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இழப்பீடு கேட்காத வருடங்களுக்காக இன்சூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடி, அதாவது அவருடைய நோ கிளெய்ம் போனஸ், அவருக்குத்தான் சொந்தம், வண்டியோடு உங்களுக்கு வராது. உங்கள் பிரீமியம் அவர் கட்டியதை விடக் கூடும். வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸைப் பெயர் மாற்றக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்குத்தான் பாலிசி நிற்கும், உங்கள் வண்டியின் சேதத்துக்குப் பணம் வராது.

இந்த வரியையும் அலைச்சலையும் கூட்டினால், தமிழ்நாட்டுப் பதிவில் ஏபிஎஸ் உள்ள 2018–19 வண்டி பத்து, பதினைந்தாயிரம் கூடுதலாகக் கிடைத்தாலும் லாபம்தான். தேடுங்கள். கிடைக்காவிட்டால் பெங்களூரு வண்டியில் அந்தத் தொகையைக் குறைத்துக் கேளுங்கள். பளபள வண்டியை விட்டுவிடுங்கள்.

கேள்வி: என் உயரம் 5 அடி 2 அங்குலம். ஹிமாலயன், ஹீரோ எக்ஸ்பல்ஸ் இரண்டில் எது எனக்கு? சீட்டைத் தாழ்த்திக்கொள்ளலாமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: தங்கச்சி, எல்லாரும் சீட் உயரத்தையே கேட்கிறார்கள். எடையைக் கேட்பவர் குறைவு. ஹிமாலயன் 411-ன் சீட் 800 மில்லிமீட்டர், எக்ஸ்பல்ஸ் 200-ன் சீட் 823. உயரத்தைப் பார்த்தால் ஹிமாலயன்தான் வசதி. ஆனால் அது 190 கிலோவுக்கு மேல், எக்ஸ்பல்ஸ் 155 கிலோ அளவில். ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ. முக்கால் மூட்டை வித்தியாசம், அதுவும் கவிழ்ந்து கிடக்கும்போது தூக்க வேண்டிய முக்கால் மூட்டை.

இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்ற அவசியமே இல்லை. நிற்கும்போது சீட்டில் சற்று இடது பக்கம் நகர்ந்து, இடது காலை முழுதாக ஊன்றி, வலது காலைப் பின் பிரேக்கில் வையுங்கள். தரை சரிகிற பக்கம் மட்டும் காலைத் தேடாதீர்கள், அங்கேதான் எல்லாரும் விழுகிறார்கள். சீட்டின் ஸ்பாஞ்சைச் செதுக்கலாம், அது திரும்ப மாற்றக்கூடியது. சஸ்பென்ஷனைத் தாழ்த்துவதை நான் செய்து தரமாட்டேன். முன்னும் பின்னும் ஒரே அளவில் தாழ்த்தாவிட்டால் வளைவில் வண்டி வேறு மாதிரி நடந்துகொள்ளும், சைட் ஸ்டாண்டில் நிறுத்தினால் நிமிர்ந்து நின்று மறு பக்கம் சாயும்.

வாங்குவதற்கு முன் தூக்கிப் பழகுங்கள். வண்டி வலது பக்கம் விழுந்திருந்தால், முதலில் சைட் ஸ்டாண்டை வெளியே தள்ளிவிட்டு கியரில் போடுங்கள். சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் பின் கம்பியையும் பிடித்து, முதுகை நிமிர்த்தியபடி சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடங்கள். தூக்குவது தொடைதான், கை அல்ல. என் பட்டறையில் வேலை பழகும் பெண் 48 கிலோதான் இருப்பாள், ஹிமாலயனை இப்படித்தான் நிமிர்த்துகிறாள். உங்களுக்கு என் ஓட்டு எக்ஸ்பல்ஸுக்கு.

கேள்வி: புது ஹிமாலயன் 450 வந்துவிட்டதே, 411-க்கு இனி ஸ்பேர் கிடைக்குமா? – ஆர்.எஸ்., தர்மபுரி

பதில்: 450 வந்தது 2023 நவம்பரில். அதற்கு முன் ஏழு வருடத்துக்கு மேல் விற்ற வண்டி 411. 2022-ல் வந்த ஸ்கிராம் 411-லும் அதே இன்ஜின்தான். கிடைக்கும். நீங்கள் கவலைப்பட வேண்டியது டியூபுக்கு. முன் சக்கரம் 21 அங்குலம், டியூப் டயர். கொல்லிமலை அடிவாரத்துப் பஞ்சர் கடையில் ஒட்டித் தருவார்கள், டியூப் கிழிந்துவிட்டால் அந்த அளவில் புதுசு அங்கே இருக்காது. ஒரு 21 அங்குல டியூபை எப்போதும் பையில் வையுங்கள். வேறு வழியில்லாவிட்டால் அதையே பின் சக்கரத்திலும் திணித்து ஊர் வந்து சேரலாம்.

கேள்வி: பழைய கேடிஎம் 390 அட்வென்ச்சர் நல்ல விலைக்கு வருகிறது. ஆறு மாதமாக பைக் ஓட்டுகிறேன். வாங்கட்டுமா? – வி., கோவை

பதில்: வேண்டாம். நல்ல வண்டி. 43 குதிரைத் திறன், சீட் 855 மில்லிமீட்டர். ஹிமாலயன் 411-க்கு 24.5தான். அது இரண்டாம் கியரில் மாட்டு வண்டிக்குப் பின்னால் முணுமுணுத்துக்கொண்டே போகும், நீங்கள் தப்பு செய்தாலும் பொறுத்துக்கொள்ளும். கேடிஎம் பொறுக்காது. இரண்டு வருடம் கழித்து எழுதுங்கள்.

கேள்வி: பழைய ஹிமாலயன் வாங்கிய கையோடு லே போகத் திட்டம். என்னென்ன பெட்டி மாட்ட வேண்டும்? – எம்.ஜே., திருச்சி

பதில்: பெட்டியா? முதலில் ஏற்காடு போங்கள். எங்கள் பட்டறையிலிருந்து கிளம்பினால் 20 கொண்டை ஊசி. அடுத்த மாதம் கொல்லிமலை, 70. அதில் ஹாஃப் கிளட்ச்சும் பின் பிரேக்கும் மட்டும் வைத்து, காலை ஊன்றாமல் திரும்பி வந்துவிட்டால் லே பற்றிப் பேசலாம். மணாலி–லே ரோட்டில் தங்லங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல். அங்கே இன்ஜினுக்கும் மூச்சு வாங்கும், உங்களுக்கும் வாங்கும். ரோடு திறந்திருப்பது ஏறக்குறைய ஜூனிலிருந்து அக்டோபர் வரை. அலுமினியப் பெட்டி வேண்டாம். காலியாகவே கனம், மணலில் கால் ஊன்றும்போது கெண்டைக்காலில் வந்து மோதும். துணிப் பை இரண்டு போதும், அதையும் முன்னுக்குத் தள்ளிக் கட்டுங்கள்.

கேள்வி: என் மகன் சேர்த்து வைத்த பணத்தில் இப்படி ஒரு பெரிய பைக் வாங்குவேன் என்கிறான். பாதிப் பணம் என்னிடம் கேட்கிறான். பயமாக இருக்கிறது. கொடுக்கலாமா?
– ஒரு தாய், நாமக்கல்

பதில்: அம்மா, என் அம்மாவும் இதையேதான் கேட்டார், கடைசி வரை பயந்துகொண்டேதான் இருந்தார். அந்தப் பயத்தை நான் போக்க முடியாது. ஒன்று செய்யுங்கள். வாங்கப்போகும் வண்டியைப் பார்க்க நீங்களும் கூடப் போங்கள். அதே மாதிரி வண்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது அவனுக்கு இருப்பார். அவரிடம் கேட்டு, மண் தரையில் மெதுவாகச் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டு, தனியாகத் தூக்கி நிறுத்தச் சொல்லுங்கள். மூன்று தடவை. மூன்றாவது தடவையும் தூக்கிவிட்டால் பணம் கொடுங்கள். திணறினால், எடை குறைந்த வண்டியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கொடுக்கும் பணத்தில் ஹெல்மெட், கையுறை, கணுக்காலை மூடும் ஷூ மூன்றுக்கும் தனியாக எடுத்து, முதலில் அதை வாங்கி வரச் சொல்லுங்கள். ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்க வேண்டும். பழைய வண்டி வாங்கலாம், பழைய ஹெல்மெட் மட்டும் யாரிடமும் வாங்க வேண்டாம்.