பழைய சொந்தக்காரர் விட்டுப்போன கரண்ட், தண்ணீர் பில்லை வீடு வாங்கியவர் கட்ட வேண்டுமா?

மட்டக்களப்பு நகரில் பழைய வீடு வாங்கி உறுதியும் (காணிப் பத்திரம்) எழுதிய பிறகு கரண்ட், தண்ணீர், மாநகர சபைக்குக் கட்டும் சோலைவரி மூன்றிலும் பழைய நிலுவை இருப்பது தெரியவந்தது, யார் கட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் ஒரே கடனாகப் பார்க்காதீர்கள். கரண்டும் தண்ணீரும் யார் பெயரில் கணக்கு இருக்கிறதோ அவர் பட்ட கடன். அந்த ஒப்பந்தத்தில் நீங்கள் இல்லை. சோலைவரி அப்படியல்ல. அது ஆதனத்தின் மேல் விழுவது, வீடு கைமாறினாலும் கூடவே வரும். கட்டாமல் வாரண்ட் (பறிமுதல் ஆணை) வரை போனால் அந்தச் செலவும் ஏறும். ஆகவே சோலைவரியை முதலில் கட்டிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள், சண்டையை விற்றவரோடு பிறகு பிடிக்கலாம். சபைப் பதிவேட்டிலும் பெயரை மாற்றிவிட்டால், அடுத்த வருடம் ஜனவரி 31க்குள் முழு ஆண்டுக்கும் கட்டி 10 வீதக் கழிவை வாங்கலாம்.

கரண்ட், தண்ணீர் விஷயத்தில் நியாயம் உங்கள் பக்கம். ஆனால் பிடி கரண்ட், தண்ணீர் கொடுக்கும் அலுவலகங்களின் கையில். பெயர் மாற்றக் கேட்டுப் போனால், முதலில் நிலுவையைத் தீர்த்துவிட்டு வாருங்கள் என்பார்கள். விற்றவர் எங்கேயோ இருப்பார், லைன் வெட்டினால் இருட்டில் இருப்பது நீங்கள்தான்.

எங்கள் பக்கத்தில் பில் பழைய பெயரிலேயே கிடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும், பிறகு அவளுடைய மகளுக்கு. உறுதி ஒவ்வொரு தலைமுறையிலும் மாறும், கரண்ட் பில் மட்டும் செத்துப்போன அம்மப்பா பெயரிலேயே வந்துகொண்டிருக்கும். என் தங்கச்சிக்குக் கல்லடியில் வீடு பார்த்தபோதும் இதே கதைதான். விற்றவருக்கே அது யார் பெயரில் இருக்கிறது என்று பில்லை எடுத்துப் பார்க்கும் வரை நினைவில்லை. உறுதி எழுதிய நொத்தாரிசு ஐயா ஒரு யோசனை சொன்னார். கையெழுத்து வைக்கிற அன்று இரண்டு மீட்டரையும் படம் எடுத்து, வாசிப்பைத் தாளில் எழுதி இரு தரப்பும் ஒப்பமிட்டோம். விலையில் ஒரு சிறு தொகையைக் கடைசி பில் வரும் வரை நொத்தாரிசு ஐயாவிடமே விட்டுவைத்தோம். விற்றவர் முகத்தைச் சுளித்தார், ஆனால் அந்தப் பணம் இருந்ததால்தான் கடைசி பில்லைத் தாமதமில்லாமல் கட்டினார் என்பது என் எண்ணம்.

உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. சரி, இன்றைய மீட்டர் வாசிப்பையாவது உடனே படம் எடுங்கள். உறுதியின் பிரதியோடு போய், அந்தக் கணக்கின் மாதவாரி விபரத்தைக் கேளுங்கள். உறுதித் தேதிக்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று அதில் பிரிக்கலாம். பின்னாலுள்ளதைக் கட்டுங்கள், முன்னாலுள்ளது உங்களுடையதல்ல என்று கடிதம் கொடுத்து, பிரதியில் கிடைத்ததாக முத்திரை வாங்குங்கள். பழைய பெயரிலேயே பேசாமல் கட்டிக்கொண்டு போவதுதான் மோசம். ஓரிரு வருடத்தில் எந்த யூனிட் யாருடையது என்று கடவுளுக்கும் தெரியாது. மின்சாரத்தில் உடன்பாடு வராவிட்டால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம்.

தொகை சிறிதென்றால் நான் கட்டிவிட்டுப் பெயரை மாற்றிக்கொள்வேன், வீண் அலைச்சல் மிச்சம். ஆனால் கட்டுமுன், ‘இது உங்கள் கடன், உங்களுக்காகக் கட்டுகிறேன்’ என்று விற்றவருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். நிலுவை தன் பொறுப்பு என்று அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால், அவர் சொல் மீறிய நாளிலிருந்து 6 வருடத்துக்குள் வழக்குப் போடலாம். வாய்ச்சொல் என்றால் 3 வருடம்தான். 1871ஆம் ஆண்டுச் சட்டம் அது, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நீதிமன்றத்துக்கு முன் மத்தியஸ்த சபையில் பேசிப் பாருங்கள், அங்கே சட்டத்தரணி வைக்கத் தேவையில்லை.

இதெல்லாம் உறுதிக்காணிக்கு. அம்பாறைப் பக்கம் பேமிட் காணியில் (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) உள்ள வீடு என்றால், பில்லைப் பற்றி யோசிப்பதற்கு முன் அந்த விற்பனையே செல்லுமா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். விற்றவர் வெளிநாட்டில் இருந்து, தனக்காகக் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோனித் தத்துவத்தில் விற்றிருந்தால், கடிதத்தை அவருக்கும் அற்றோனியாகக் கையெழுத்திட்டவருக்கும் சேர்த்தே அனுப்புங்கள்.