எல்-1 குஜராத்காரர், உள்ளூர் பட்டறைக்கு முன்னுரிமை கிடையாதா?

கேள்வி: கோவை கணபதியில் பம்ப் தயாரிக்கும் சிறிய பட்டறை நடத்துகிறேன். குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் என் பெயரில் இருக்கிறது. மத்திய அரசு நிறுவனம் ஒன்று 240 நீர்மூழ்கி பம்ப்செட்டுகளுக்கு, அரசின் இணையக் கொள்முதல் சந்தையான ஜெம் தளத்தில் டெண்டர் விட்டது. நான் ஒரு பம்புக்கு 20,700 ரூபாய் போட்டிருந்தேன். குஜராத் நிறுவனம் ஒன்று 18,400 போட்டு எல்-1, அதாவது மிகக் குறைந்த விலை சொன்ன நிறுவனம் ஆனது. மொத்த ஆர்டரும் அவர்களுக்கே. இத்தனைக்கும் பம்புகள் இறங்கப்போவது எங்கள் மாவட்டத்தில்தான். உள்ளூர் நிறுவனங்களுக்கு முன்னுரிமை என்கிறார்களே, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கு போடலாமா? (வாசகி, கோவை)

பதில்: போடலாம். ஆனால் 'நான் கோவை, அவர் குஜராத்' என்ற வாதத்தோடு போகாதீர்கள். மத்திய அரசின் கொள்முதல் விதிகளில் 'உள்ளூர்' என்றால் இந்தியா. உங்கள் மாவட்டம் அல்ல. சத்தீஸ்கர் அரசு, தன் மாநில அலுவலகங்களுக்கு ஏற்கெனவே சப்ளை செய்தவர்கள் மட்டுமே பள்ளி விளையாட்டுப் பொருள் டெண்டரில் கலந்துகொள்ளலாம் என்று நிபந்தனை போட்டது. 2025-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. வெளியூர்க்காரரை வாசலிலேயே நிறுத்துவது அரசியல் சாசனத்தின் 14 (சமத்துவம்), 19(1)(ஜி) (தொழில் செய்யும் உரிமை) பிரிவுகளோடு மோதும்.

'மேக் இன் இந்தியா' கொள்முதல் ஆணை (2017) இருக்கிறதே என்பீர்கள். அது முதலாளி எந்த ஊர்க்காரர் என்று பார்ப்பதில்லை. பொருளின் மதிப்பில் எவ்வளவு இங்கே உருவானது என்றே பார்க்கிறது. 50 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் முன்னுரிமை பெறும் முதல் வகுப்பு சப்ளையர். குஜராத்காரரும் அந்த வகுப்பில் இருந்தால் உங்களுக்கு அதனால் லாபமில்லை.

உங்கள் கையில் இருக்கும் உண்மையான ஆயுதம் வேறு: குறு, சிறு நிறுவனங்களுக்கான பொதுக் கொள்முதல் கொள்கை ஆணை, 2012. மத்திய அமைச்சகங்களும் மத்திய பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 3 சதவீதம். அதோடு, எல்-1 விலைக்கு மேல் 15 சதவீதத்துக்குள் விலை சொன்ன குறு, சிறு நிறுவனத்தை அழைத்து, 'எல்-1 விலைக்கு இறங்கி வருகிறீர்களா?' என்று கேட்க வேண்டும். சம்மதித்தால் டெண்டரில் 25 சதவீதம் வரை அந்த நிறுவனத்துக்கு.

கணக்கு போடுவோம். 18,400-இல் 15 சதவீதம் 2,760. ஆக எல்லை 21,160. உங்கள் விலை 20,700, அதாவது 12.5 சதவீதம்தான் அதிகம். தாராளமாக உள்ளே வருகிறீர்கள். 240-இல் கால் பங்கு 60 பம்புகள். அந்த வரம்புக்குள் வேறு குறு, சிறு நிறுவனங்கள் இருந்தால் அந்த 60 பிரியும். கிடைத்தாலும் விலை 18,400தான். அந்த விலைக்கு உங்களுக்குக் கட்டுமா என்று நீதிமன்றம் கேட்காது, நான் கேட்கிறேன். கட்டாது என்றால் வழக்குச் செலவு வீண்.

இன்னொரு பொறி இருக்கிறது. எல்-1 நிறுவனமும் குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால் இந்த 15 சதவீதச் சலுகை எழவே எழாது. அவரும் உங்கள் இனம்தான். என்னிடம் வருபவர்களில் பலர் இதை விசாரிக்காமலே கோபத்தோடு வருகிறார்கள். அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்து, உங்கள் உத்யம் சான்றிதழில் பம்ப் 'உற்பத்தி' என்று பதிவாகியிருக்கிறதா? வாங்கி விற்பவர்களுக்கு இந்த ஆணை இல்லை. ஏலம் சமர்ப்பித்தபோதே ஜெம் தளத்தில் சலுகை கேட்டுக் குறித்தீர்களா என்றும் பாருங்கள். அங்கே விட்டதைப் பிறகு பிடிப்பது கடினம்.

இவை சரியாக இருந்தால் இன்றே அந்த நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரிக்கு எழுத்துப்பூர்வமாக முறையிடுங்கள்: உங்கள் விலை, எல்-1 விலை, சதவீதம், 18,400-க்குத் தரத் தயார் என்ற உறுதி, உத்யம் சான்றிதழ் நகல். நகலை மத்திய குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்துக்கும் அனுப்புங்கள். சிலர் 'சமாதான்' தளத்தில் புகார் போடச் சொல்வார்கள். அது சப்ளை செய்த பொருளுக்குப் பணம் வராதபோது போகிற இடம், இதற்கு அல்ல.

பதில் வராவிட்டால் 226-ஆவது பிரிவின்கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. இந்த 2012 ஆணை வெறும் அறிவுரை அல்ல, சட்ட பலம் உள்ளது என்று உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் சொல்லியிருக்கிறது. அதே தீர்ப்பில், 25 சதவீதத்தைத் தனி உரிமையாக எந்த ஒரு நிறுவனமும் கோர முடியாது என்றும் இருக்கிறது. ஆகவே 'எனக்கு 60 பம்ப் கொடு' என்று மனுவில் கேட்காமல், 'ஆணைப்படி என்னை அழைத்துக் கேட்கவில்லை, மறுபரிசீலனை செய்' என்று கேளுங்கள். சப்ளை தொடங்கிவிட்ட ஒப்பந்தத்தில் கைவைக்க நீதிபதிகள் தயங்குவார்கள். குஜராத்திலிருந்து லாரி கிளம்புவதற்குள் மனு எண்ணிடப்பட்டிருக்க வேண்டும்.

இதே டெண்டரைத் தமிழக அரசுத் துறை விட்டிருந்தால் கதை வேறு. அங்கே 2012 ஆணை பொருந்தாது. 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம்தான். அதன் 11-ஆவது பிரிவில் அரசிடம் மேல்முறையீடு செய்ய, உத்தரவு கிடைத்ததிலிருந்து 10 நாள்தான் அவகாசம்.