ஆன்லைனில் காட்டும் கார் விலைக்கும் டெலிவரியில் கேட்கும் விலைக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

தளத்தில் பெரிய எழுத்தில் தெரிவது பெரும்பாலும் எக்ஸ்-ஷோரூம் விலை. அதாவது, ஜிஎஸ்டி உட்பட வண்டிக்கு மட்டுமான விலை. அதைச் சாலையில் ஓட்ட ஆகும் மொத்தச் செலவுதான் ஆன்-ரோடு விலை.

இரண்டுக்கும் நடுவில் பெரிய தொகை சாலை வரி. இது மாநில அரசுக்குப் போவதால் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்திய விகிதப்படி, 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி, அதாவது ஒரே தடவையில் கட்டும் சாலை வரி, 13%. 8 லட்ச ரூபாய் வண்டிக்கு வரி மட்டுமே லட்சத்தைத் தாண்டிவிடும். அப்புறம் பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக். புது காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு (விபத்தில் மற்றவர்களுக்கு ஏற்படும் இழப்புக்கானது) 3 வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும்.

பாம்பன் ஏலத்தில் போன சீலா மீன், ஐஸ், வண்டிக்கூலி, கமிஷன் எல்லாம் ஏறி ராமநாதபுரம் மார்க்கெட்டுக்கு வரும்போது அதே விலையிலா கிடைக்கிறது? அதே கணக்குத்தான்.

கீழக்கரையில் இருந்துகொண்டு தளத்தில் ஊரை டெல்லி என்று விட்டுவைத்தால் வரும் தொகை எதற்கும் உதவாது. டிஎன் 65 (ராமநாதபுரம்) பதிவுக்கு என்ன ஆகும் என்று டீலரிடம் பிரித்து எழுதி வாங்குங்கள். ‘ஹேண்ட்லிங்’ என்று ஒரு கட்டணம் இருந்தால் தயங்காமல் கேள்வி கேளுங்கள். உப்புக்காற்றைக் காட்டி அடிப்பாகக் கோட்டிங்கையும் தலையில் கட்டுவார்கள். கடலோரத்தில் அது வீண் செலவல்ல, ஆனால் கட்டாயமும் இல்லை.

இன்சூரன்ஸை டீலரிடமே எடுக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள்; அப்படி எந்தச் சட்டமும் இல்லை, வெளியில் விலை விசாரித்து எடுக்கலாம்.