மரப்பாலம் சிக்னல்ல கூமுட்டை நாத்தம்!

கேள்வி: 2016 மாடல் பெட்ரோல் கார் சார், தினமும் மஞ்சக்குப்பத்துலேர்ந்து பாண்டிக்கு வேலைக்குப் போறேன். ஒரு மாசமா, நல்லா விரட்டி ஓட்டிட்டு வந்து மரப்பாலம் சிக்னல்ல நின்னா கூமுட்டை நாத்தம் குப்புனு அடிக்குது. ஏதோ சாக்கடைன்னு நெனச்சேன், பார்த்தா வீட்டு வாசல்லயும் அதே நாத்தம். மைலேஜும் இறங்கிடுச்சு. பாண்டி பெட்ரோல் போடறதாலதான், புகையைச் சுத்தம் பண்ற கன்வெர்ட்டரை மாத்தணும்னு மெக்கானிக் சொல்றார். மாத்திடவா?
– வாசகர், கடலூர்

பதில்: அவசரப்படாதீங்க சார், அது சின்ன செலவு இல்ல. பாண்டியில வரி கம்மி, அதனால விலை கம்மி, அதுக்காக சரக்கு மட்டம்னு ஆயிடுமா? 2020 ஏப்ரல் 1லேர்ந்து நாடு பூரா பிஎஸ்6ங்கற மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படியான பெட்ரோல்தான், கந்தகம் 10 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல 10 பங்கு, தாண்டக்கூடாது, நீங்க வண்டி எடுத்த காலத்து பிஎஸ்4ல 50 வரைக்கும் விட்டிருந்தாங்க.

அந்தக் கொஞ்சூண்டு கந்தகம் ஒழுங்கா எரிஞ்சா சல்ஃபர் டை ஆக்சைடா போயிடும், நமக்குத் தெரியவே தெரியாது. காத்துக்கு வேண்டியதைவிட பெட்ரோல் அதிகமா போனாதான் வம்பு, கன்வெர்ட்டருக்குள்ள ஆக்சிஜன் பத்தாம அதே கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடா மாறி வருது, கூமுட்டை நாத்தம்ங்கறது அதான். மைலேஜ் இறங்கினதும் இதோட ஒத்துப்போகுது பாருங்க. காரணத்தை விட்டுட்டு புது கன்வெர்ட்டர் போட்டா அதுவும் கெட்டுப்போகும்.

முதல்ல நாத்தம் எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க. பானெட் பக்கம்னா அது பேட்டரி ஓவர்சார்ஜ் ஆகி கொதிக்கற வாடை, இன்ஜின் ஓடறப்ப 15 வோல்ட்டுக்கு மேல காட்டுச்சுன்னா பேட்டரியை சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டரைப் பார்க்கணும், கிட்ட போய் பீடி கீடி பத்த வெச்சிடாதீங்க. பின்னாடிலேர்ந்துதான்னா, காலைல வண்டி ஆறிக் கிடக்கறப்ப சைலன்சர் வாய்க்குள்ள விரலை விட்டுத் தேய்ச்சுப் பாருங்க, அடுப்புக்கரி மாதிரி அப்பிக்கிச்சுன்னா பெட்ரோல் அதிகமா போகுதுன்னு பெரும்பாலும் சொல்லிடலாம். அப்புறம் ஏர் ஃபில்டர், பிளக் நாலையும் கழட்டிப் பார்க்கச் சொல்லுங்க, ஸ்கேனர் போட்டு, புகைல ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம்னு பார்க்கற ஆக்சிஜன் சென்சார் ரீடிங்கும் பார்க்கச் சொல்லுங்க. அந்த சென்சார் சோம்பேறியாகி நான் நிறைய பார்த்திருக்கேன், செக் இன்ஜின் லைட்டு எரியவே எரியாது, பெட்ரோல் மட்டும் குடிக்கும். இதெல்லாம் சரின்னு ஆனப்புறம் கன்வெர்ட்டரைப் பத்திப் பேசலாம்.

கடலோர வண்டி வேற, உப்புக்காத்துல சைலன்சர் ஜாயின்ட் அரிச்சிருந்தா புகை உள்ளயே வரும். அதுல இருக்கற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, அதனால சரி பண்ணற வரைக்கும் கண்ணாடியை இறக்கி விட்டே ஓட்டுங்க.

இன்னொண்ணு, இந்த மாதிரி பெட்ரோல் அதிகமா போற வண்டில கன்வெர்ட்டர் பழுக்கக் காயும். ரோட்டுல உளுந்துச் செடி, வைக்கோல்னு காயப் போட்டிருப்பாங்கல்ல, அது மேல ஏத்தி நிறுத்திடாதீங்க, அடியில சுத்திக்கிட்டா பத்திக்கும்.