“பிள்ளை மேல் கை வைத்ததில்லையே!”

வடசென்னையில் முப்பது ஆண்டுகள் தாய்சேய் நலப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற செவிலியர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

காசிமேடு வாசகர்: குடித்தால் மனைவியை அடித்துவிடுகிறேன், உண்மைதான். ஆனால் ஒன்றரை வயது மகனைத் தொட்டதில்லை. அவனுக்கு என்ன கெடுதல்?

தம்பி, பல வீடுகளில் கேட்ட பேச்சு இது. பதினான்காவது வாரத் தடுப்பூசிக்கு வராத ஒரு பெண்ணைத் தேடிப் போனேன். கதவைப் பாதிதான் திறந்தார். இடது கண் திறக்க முடியாத வீக்கம். “முகம் சரியானதும் வருகிறேன் அக்கா” என்றார். உள்ளே குழந்தைக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. கண்கள் குழி விழுந்திருந்தன. மருத்துவமனைக்குப் போனால் காயத்தைப் பற்றிக் கேட்பார்களே என்ற பயம். நான் போகாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் குழந்தையையும் யாரும் அடிக்கவில்லை.

நிகரகுவா நாட்டின் லியோன் நகரில் நடந்த ஆய்வொன்று 2003இல் வெளியானது. கணவனின் அடி, பாலியல் வன்முறை இரண்டையும் அனுபவித்த தாய்மாரின் குழந்தைகள் 5 வயதுக்குள் இறக்கும் அபாயம் ஏறக்குறைய 6 மடங்கு என்றது. அயல்நாட்டுக் கதை என்று தள்ள வேண்டாம். தமிழ்நாட்டிலும் உத்தரப்பிரதேசத்திலும் திரட்டிய தகவல்களைக் கொண்டு ஆய்வாளர் ஷிரீன் ஜெஜீபாய் 1998இலேயே, மனைவியை அடிப்பதற்கும் கரு, சிசு மரணங்களுக்கும் உள்ள தொடர்பை எழுதிவிட்டார்.

கொருக்குப்பேட்டை வாசகி: ஏழாம் மாதம். நேற்று வயிற்றில் உதை விழுந்தது. வலி இல்லை. மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டுமா?

இப்போதே கிளம்புங்கள், அம்மா. ராயபுரம் அரசு மகப்பேறு மருத்துவமனை பக்கம்தானே, முடியாவிட்டால் 108. நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரைவிட்டு விலகியிருந்தால், வெளியே துளி ரத்தம் தெரியாமல் உள்ளேயே தேங்கலாம். உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் 72 மணி நேரத்துக்குள் ஊசி தேவைப்படும். “படியில் விழுந்துவிட்டேன்” என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கே அடிபட்டது என்று தெரிந்தால்தான் மருத்துவர் சரியான இடத்தில் பார்ப்பார்.

திருவொற்றியூர் வாசகி: வீட்டில் சண்டை நடந்ததிலிருந்து மருமகளுக்குப் பால் வற்றிவிட்டது. புட்டிப்பால் கொடுக்கலாமா?

வற்றியிருக்காது, இறங்காமல் நிற்கிறது. பயத்தில் பால் இறங்குவது தடைபடும். குழந்தையை அடிக்கடி மார்பில் போடச் சொல்லுங்கள், எடை பாருங்கள். உங்கள் மகனை அடக்குங்கள். அது மருந்தைவிட முக்கியம்.

பெரம்பூர் வாசகர்: இதெல்லாம் குடிசைப் பகுதிச் சிக்கல்தானே?

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், மணமான தமிழ்நாட்டுப் பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அத்தனை பேருமா குடிசையில் இருக்கிறார்கள்? அடுக்குமாடியில் கதவு கனமானது, அவ்வளவுதான்.

வியாசர்பாடி வாசகி: புகார் கொடுத்தால் என்னையும் கைக்குழந்தையையும் துரத்திவிடுவார்கள். என்ன செய்வது?

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, வீடு யார் பெயரில் இருந்தாலும், வாடகை வீடானாலும், அங்கே வசிக்க உங்களுக்கு உரிமை உண்டு. குழந்தையைத் தற்காலிகமாக உங்களிடம் விடும்படியும் நீதித்துறை நடுவர் உத்தரவிடலாம். பெண்கள் உதவி எண்ணான 181க்கு எந்த நேரத்திலும் பேசலாம். அவசரமாக வெளியேற நேர்ந்தால் ஆதாரோடு குழந்தையின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் இன்றே ஒரு பையில் போட்டு, நம்பிக்கையான பக்கத்து வீட்டில் வைத்துவிடுங்கள்.