மூக்கு கழுவ ஆற்றுத் தண்ணீர் ஆகுமா?

கேள்வி: எங்க வீட்டுக்காரர் திருப்பூரில் நூல் மில்லில் வேலை பார்க்கிறார். பல வருஷமாக மூக்கடைப்பு, எந்த வாசனையும் தெரியாது. ஒன்பது நாளுக்கு முன்னால் கோவையில் எண்டோஸ்கோப் விட்டு மூக்குச் சதையை எடுத்து சைனஸைத் திறந்துவிட்டார்கள். தினமும் உப்புத்தண்ணீரில் கழுவச் சொல்லி பாட்டிலும் பாக்கெட்டும் கொடுத்தார்கள். மாமியாரோ, "புண்ணு ஆறாத மூக்குல தண்ணிய உட்டா சீதளம் புடிச்சுக்கும்" என்று தடுக்கிறார். நேற்று கட்டுத்தரையில் குனிந்தவருக்கு மூக்கிலிருந்து திடீரென்று தண்ணீர் கொட்டியது, பயந்துபோனோம். பாக்கெட் தீர்ந்தால் வீட்டு உப்பு போதுமா? எங்களுக்கு வருவது பவானி ஆற்றுத் தண்ணீர், நல்ல தண்ணீர்தான், அதையே விடலாமா?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: முதலில் தண்ணீரைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் எனக்குப் பயம். குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர் எதையும் அப்படியே மூக்கில் விடாதீங்க. குடிக்க நல்ல தண்ணீர் என்பது வேறு, மூக்குக்கு நல்ல தண்ணீர் என்பது வேறு. குடிக்கும் தண்ணீரில் கிருமி இருந்தாலும் வயிற்று அமிலம் பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும், மூக்கில் அந்தக் காவல் இல்லை. நெக்லேரியா என்ற அமீபா மூக்கின் உச்சியில் உள்ள வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்கே ஏறிவிடும். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 2024லும் 2025லும் அமீபா மூளைக்காய்ச்சல் வந்த செய்தியைப் பார்த்திருப்பீங்க. அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் 2011ல் குழாய்த் தண்ணீரில் மூக்கு கழுவிய இரண்டு பேர் இதனால் இறந்தார்கள். மிக அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பது அதைவிட அபூர்வம். அதனால் ஒரு சில்வர் போசியில் தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிஷம் கொதிக்கவிட்டு, மூடி வைத்து, வெதுவெதுப்பாக ஆறியதும் எடுங்க. ஊட்டி மாதிரி உயரமான ஊரில் இருப்பவர்கள் மூன்று நிமிஷம் கொதிக்கவிடணும், அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். காய்ச்சிய தண்ணீரை அன்றைக்கே தீர்த்துவிடுங்க.

உப்பு விஷயம். மெடிக்கலில் பாக்கெட் தனியாகவே கிடைக்கும், அதுதான் நிம்மதி. கிடைக்காத நாளில் லிட்டருக்கு 9 கிராம் அயோடின் சேர்க்காத சுத்தமான உப்பு, அதோடு ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. வெறும் தண்ணீர் விட்டால் சுரீரென்று எரியும், உப்பு கூடிப்போனாலும் எரியும். சிலர் நார்மல் சலைன் பாட்டிலை வாங்கி அதிலும் பாக்கெட்டைக் கொட்டுகிறார்கள். அதில் ஏற்கெனவே உப்பு இருக்கிறதுங்க.

சரி, மாமியாரிடம் என்ன சொல்வது? அவர் சொல்வது அக்கறையில்தான், கோபப்படாதீங்க. வெளிப்புண்ணை நனைக்காமல் வைக்கலாம், மூக்குக்குள் இருக்கும் புண் அப்படியில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு உள்ளே சளியும் பழைய ரத்தமும் காய்ந்து பொருக்காகக் கட்டும். அதை எடுக்காமல் விட்டால் அடியில் சீழ் தங்கும், எதிரெதிர்ச் சதைகள் ஒட்டிக்கொண்டு, சிரமப்பட்டுத் திறந்த வழி மறுபடி அடைபடும். டாக்டர் பாதி வேலையைத்தான் தியேட்டரில் முடிக்கிறார், மீதி உங்கள் வீட்டு வாஷ்பேசினில் நடக்கிறது. பழுப்பாகவோ, லேசாக ரத்தம் கலந்தோ துண்டு துண்டாக வந்தால் அது நல்லதுக்குத்தான்.

கழுவும்போது பேசினுக்கு மேல் நன்றாகக் குனிந்து, தலையை லேசாகப் பக்கவாட்டில் சாய்த்து, வாயைத் திறந்து மூச்சுவிட்டபடி பாட்டிலை மெதுவாக அழுத்தச் சொல்லுங்க. ஓங்கி அழுத்தினால் காது அடைக்கும். மூக்கைப் பலமாகச் சிந்தவே கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மணும். ஸ்டீராய்டு ஸ்ப்ரே கொடுத்திருந்தால் கழுவி முடித்து, தண்ணீர் வடிந்த பிறகு அடிக்கணும், முன்னால் அடித்தால் மருந்தையே கழுவி விடுவோம். பாட்டிலையும் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைங்க.

அப்புறம் அந்தக் கட்டுத்தரைச் சமாச்சாரம். கன்னத்துக்குள் இருக்கும் சைனஸின் வாசலைத்தான் ஆபரேஷனில் பெரிதாக்கியிருக்கிறார்கள், கழுவின தண்ணீர் கொஞ்சம் அங்கே போய்த் தேங்கிவிடும். மணிக்கணக்கு கழித்துக் குனியும்போது ஒரேயடியாக வழியும். கழுவிய கொஞ்ச நேரம் கழித்து ஒரு முறை குனிந்து இரண்டு பக்கமும் தலையைத் திருப்பி வடித்துவிட்டால் போதும். ஆனால் ஒன்று: கழுவாத நேரத்திலும் ஒரே பக்கத்திலிருந்து பச்சைத் தண்ணீர் மாதிரித் தெளிவாகச் சொட்டிக்கொண்டே இருந்தால், குனிந்தால் கூடினால், அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம், அன்றைக்கே டாக்டரைப் பாருங்க. கண் வீங்குவது, பார்வை இரட்டையாகத் தெரிவது, நிற்காத ரத்தம், காய்ச்சலோடு கடும் தலைவலி, இதற்கெல்லாம் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மில் வேலைக்கு எப்போது போகலாம் என்பதை ஆபரேஷன் செய்தவரே உள்ளே பார்த்துச் சொல்லட்டும். பஞ்சுத் தூசியில் திரும்ப நிற்கும்போது முகக்கவசம் கட்டாயம், ஷிப்ட் முடிந்து வந்ததும் ஒரு முறை கழுவுவது அவருக்கு ரொம்பவே உதவும்.

கேள்வி: யோகா வகுப்பில் ஜலநேதி கற்றிருக்கிறேன். சைனஸ் ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம். அதையே தொடரலாமா?
– கல்லூரி மாணவர், பொள்ளாச்சி

பதில்: தம்பி, அதுவும் உப்புத்தண்ணீரில் கழுவுவதுதான், காய்ச்சிய தண்ணீராக இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாம். ஜலநேதி முடிந்ததும் மூக்கைக் காயவைக்க, மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி செய்யச் சொல்லியிருப்பார்கள், அதை மட்டும் இப்போது செய்யாதே. அந்த வேகத்தில் ஆறுகிற புண் பிய்ந்து ரத்தம் வரும். கயிறு விட்டு இழுக்கும் சூத்ரநேதி பக்கமே போகாதே.